நெதர்லாந்து எம்.பி.யின் இருக்கை யாருக்குச் சொந்தம்?

நெதர்லாந்து அரசியலைப் பற்றிப் பேசும்போது இரண்டு பிழைகள் எளிதில் நுழைந்துவிடுகின்றன. ஒன்று, "அவர் தன் தொகுதியில் ஜெயித்தார்" என்பது. அங்கே தொகுதி எம்.பி. என்று ஒருவர்கூட இல்லை. இன்னொன்று, "கட்சியை விட்டு வெளியேறினார், அதனால் எம்.பி. பதவி போயிற்று" என்பது. போகாது. கட்சித் தாவல் தடைச் சட்டத்தோடு பழகிய நமக்கு இது விசித்திரமாகத் தோன்றும். "அப்படியானால் மக்கள் போட்ட ஓட்டு யாருக்கு, கட்சிக்கா ஆளுக்கா?" என்ற கேள்வி உடனே எழும். அந்தக் கேள்விக்கு நெதர்லாந்துக்காரர்களே இன்னும் ஒரே பதில் சொல்வதில்லை.

இதைச் சட்டப் பிரிவுகளை அடுக்கிச் சொல்வதைவிட, ஓர் ஆளை வைத்துச் சொல்வது சுலபம். பீட்டர் ஓம்ட்சிக்ட், 1974இல் ஹேக் நகரில் பிறந்தவர். நாட்டின் கிழக்கே, ஓவரைசெல் மாகாணத்தின் போர்னெ என்ற சிற்றூரில் வளர்ந்தவர். இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரமும் புள்ளியியலும் படித்து, இத்தாலியின் ஃபிளாரன்ஸில் முனைவர் பட்டம் வாங்கினார். 2003இல் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியான சி.டி.ஏ. சார்பில் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தவர், 2010இல் வந்த ஒரு சிறு இடைவெளி தவிர, 2025 வரை அங்கேயே இருந்தார். எம்.பி. ஆவதற்கு அந்த நாட்டில் என்னென்ன வழி உண்டோ அநேகமாக அத்தனையிலும் உள்ளே போனவர், கட்சியை விட்டும் இருக்கையை விடாதவர் என்பதால் இந்த விளக்கத்துக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார்.

ஒரே ஒரு ரயில் பெட்டி

நெதர்லாந்து நாடாளுமன்றத்தில் இரண்டு அவைகள். முதல் அவையின் 75 பேரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, மாகாண மன்றங்கள் தேர்ந்தெடுக்கின்றன. நாம் பேசப்போவது இரண்டாம் அவை. டச்சு மொழியில் ட்வேடெ காமர். 150 உறுப்பினர்கள். அரசைக் கவிழ்ப்பதும் காப்பாற்றுவதும் இங்கேதான். பெயரில் "இரண்டாம்" என்று இருப்பதால் அதிகாரத்திலும் இரண்டாவது என்று நினைத்துவிட வேண்டாம்.

150 இருக்கைகள் கொண்ட ஒரு ரயில் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தனி ஆள் போய் டிக்கெட் வாங்க முடியாது. பயண முகவர்கள் மொத்தமாக வாங்குவார்கள். ஒவ்வொரு முகவரும் தன் பயணிகளின் பெயர்களை 1, 2, 3 என்று வரிசையிட்டு முன்கூட்டியே ஒட்டிவிடுவார். பிறகு நாடு முழுக்க உள்ள மக்கள் எந்த முகவருக்கு எத்தனை இருக்கை என்று ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். 13 இருக்கை கிடைத்தால், அந்த வரிசையின் முதல் 13 பேர் ஏறலாம்.

முகவர் என்பது கட்சி, ஒட்டிய வரிசை வேட்பாளர் பட்டியல். நாடு முழுவதுமே ஒரே தொகுதி. காகிதத்தில் 20 தேர்தல் வட்டாரங்கள் உண்டு, ஆனால் அவை வேட்புமனு வாங்கவும் எண்ணிக்கையைத் தொகுக்கவும் மட்டுமே. வடக்கே க்ரோனிங்கனில் விழுந்த ஓட்டும் தெற்கே மாஸ்ட்ரிக்டில் விழுந்த ஓட்டும் ஒரே குடத்தில்தான் சேரும்.

வாக்குச் சீட்டைப் பார்த்தால் இது சட்டென்று விளங்கும். 2021 தேர்தலில் 37 கட்சிகள், 1,500க்கும் மேற்பட்ட வேட்பாளர்கள். அத்தனை பெயரும் சீட்டில் அச்சாகியிருக்க வேண்டும். மேசை விரிப்பைப் போல மடித்து மடித்துத் தருவார்கள். ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு நெடுவரிசை, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு வெள்ளை வட்டம். சிவப்புப் பென்சிலால் ஒரே ஒரு வட்டத்தை நிரப்ப வேண்டும். இரண்டை நிரப்பினால் செல்லாத ஓட்டு.

ஒன்றைக் கவனியுங்கள். சீட்டில் கட்சிக்கென்று தனி வட்டம் கிடையாது. ஒரு பெயரைத்தான் நிரப்பியாக வேண்டும். கட்சிக்குப் போட நினைப்பவர்கள் வழக்கமாக முதல் பெயரை நிரப்பிவிட்டு வருவார்கள். ஆளுக்கு விழுந்த ஓட்டா, கட்சிக்கு விழுந்த ஓட்டா என்ற குழப்பம் இந்த வட்டத்திலேயே தொடங்கிவிடுகிறது.

ஓர் இருக்கைக்கு எத்தனை ஓட்டு

செல்லுபடியான மொத்த ஓட்டுகளை 150ஆல் வகுத்தால் வருவதை டச்சில் கீஸ்டேலர் என்பார்கள். பள்ளிக் கணக்கில் வகுத்தால் வருவதை ஈவு என்றோமே, அதே சொல்லை இங்கே பயன்படுத்துவோம். ஒரு முழு இருக்கையின் விலை ஓர் ஈவு.

2021இல் செல்லுபடியான ஓட்டு 1,04,22,852. ஈவு ஏறத்தாழ 69,486. சி.டி.ஏ. வாங்கியது 9,90,601. வகுத்துப் பார்த்தால் 14.26 வரும். ஆகவே 14 முழு இருக்கைகள் உறுதி. எல்லாக் கட்சிகளுக்கும் இப்படி முழு இருக்கைகளைக் கொடுத்தபின் சில மிச்சம் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக ஏலம் விடுவதுபோலக் கொடுப்பார்கள். இன்னோர் இருக்கை கொடுத்தால் எந்தக் கட்சிக்கு இருக்கை ஒன்றுக்கு அதிக ஓட்டு சராசரியாக வருகிறதோ அதற்கே அது. சி.டி.ஏ.வின் 15ஆவது இருக்கை அப்படி வந்தது. இந்த முறை பெரிய கட்சிகளுக்குக் கொஞ்சம் சாதகம். அதற்குமேல் இதில் நுழைய வேண்டியதில்லை.

ஜெர்மனியைப் போல 5 சதவீதத் தடை எதுவும் இங்கே இல்லை. ஓர் ஈவு கிடைத்தால் உள்ளே வரலாம். அதாவது நாடு முழுக்க 0.67 சதவீத ஓட்டு போதும். ஒற்றை எம்.பி. கட்சிகள் அவையில் சர்வசாதாரணமாக உட்கார்ந்திருப்பது இதனால்தான். ஆனால் ஓர் ஈவை எட்டாத கட்சிக்கு மிச்ச இருக்கையிலும் பங்கில்லை.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: கட்சிக்கு எத்தனை இருக்கை என்பதை மொத்த ஓட்டு தீர்மானிக்கிறது, அதில் யார் உட்காருவது என்பதைப் பட்டியல் வரிசை தீர்மானிக்கிறது. இரண்டாவது விதிக்கு ஒரு விலக்கு உண்டு. அந்த விலக்குதான் ஓம்ட்சிக்ட்டை ஒருமுறை காப்பாற்றியது.

39ஆவது பெயர்

2012 தேர்தலில் சி.டி.ஏ. தன் பட்டியலில் ஓம்ட்சிக்ட்டை 39ஆவது இடத்தில் வைத்தது. அப்போது அந்தக் கட்சி வென்றது 13 இருக்கை. நம் ரயில் பெட்டிக் கணக்கில் அவர் பிளாட்பாரத்திலேயே நின்றிருக்க வேண்டும். ஆனால் அவர் உள்ளே போனார்.

காரணம், விருப்பு வாக்கு. இலங்கைத் தமிழில் ஏற்கெனவே புழங்கும் சொல் இது, பொருத்தமான சொல்லும்கூட. ஒரு பட்டியலுக்குள் குறிப்பிட்ட வேட்பாளரின் பெயருக்கே விழும் ஓட்டு. ஆனால் இரண்டு நாட்டு விதிகளும் வேறு. இலங்கையில் மாவட்டப் பட்டியலுக்குள் யார் முந்துகிறார் என்பதையே விருப்பு வாக்குதான் முடிவு செய்யும். நெதர்லாந்தில் கட்சி போட்ட வரிசைக்கே முதல் மரியாதை. அதை உடைக்க வேண்டுமானால் ஒரு வேட்பாளர் தன் பெயருக்கு மட்டும் ஈவில் கால் பங்கு ஓட்டு வாங்கியாக வேண்டும். முன்பு இது அரைப் பங்காக இருந்தது. 1990களின் இறுதியில் கால் பங்காகக் குறைத்தார்கள்.

2012இல் செல்லுபடியான ஓட்டு 94,24,235. ஈவு 62,828. கால் பங்கு 15,708. ஓம்ட்சிக்ட்டின் பெயருக்கு விழுந்தது 36,750. பழைய அரைப் பங்கு விதி இருந்திருந்தால்கூட அதையும் தாண்டியிருப்பார். தேர்தல் பிரச்சாரத்தை அவர் சொந்த மண்ணான கிழக்குப் பகுதியில் மையப்படுத்தினார். ஓட்டு எந்தெந்த ஊரிலிருந்து வந்தாலும் கணக்கு ஒன்றுதான், ஆனால் முகம் தெரிந்த ஊரில்தானே 39ஆவது வட்டத்தைத் தேடிப்பிடித்து நிரப்ப ஆள் இருக்கும்?

கால் பங்கைத் தாண்டியவர்கள் முதலில் உட்காருவார்கள், அவர்களுக்குள் அதிக ஓட்டு வாங்கியவர் முதலில். மிச்ச இருக்கைகளுக்குப் பட்டியல் வரிசைப்படி ஆள் எடுப்பார்கள். அதனால் 39ஆம் ஆள் ஏறினால் 13ஆம் ஆள் இறங்க நேரிடும். கட்சித் தலைமைகளுக்கு விருப்பு வாக்கு மேல் பெரிய பாசம் இல்லாததற்கு இது ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

இங்கே மூன்று இடத்தில் ஆட்கள் வழுக்குவார்கள். முதலாவது, "ஓட்டு கூடக் கூடப் பட்டியலில் மேலே ஏறலாம்" என்ற நினைப்பு. படிப்படியாக ஏறுவது என்பது இல்லை. 2012 கணக்கில் 15,000 ஓட்டு வாங்கியவருக்கும் 15 ஓட்டு வாங்கியவருக்கும் வித்தியாசமே கிடையாது, இருவரும் கட்சி வைத்த இடத்தில்தான் நிற்பார்கள். இரண்டாவது, விருப்பு வாக்கு கட்சிக்குக் கூடுதல் இருக்கை வாங்கித் தருவதில்லை. அது கட்சியின் மொத்த ஓட்டில் ஏற்கெனவே எண்ணப்பட்ட ஓட்டுதான். மூன்றாவது, கட்சிக்கு இருக்கையே கிடைக்காவிட்டால் கால் பங்கைத் தாண்டியும் பயனில்லை. பெட்டியில் இடம் இருந்தால்தானே வரிசையைப் பற்றிப் பேச முடியும்.

வெயிட்டிங் லிஸ்ட்

ஓம்ட்சிக்ட் முதலில் நுழைந்தது 2003 ஜூனில். அந்த ஆண்டுத் தேர்தல் நடந்ததோ ஜனவரியில். இடையில் என்ன?

நெதர்லாந்தில் ஒருவர் ஒரே நேரத்தில் அமைச்சராகவும் எம்.பி.யாகவும் இருக்க முடியாது. அரசியல் சாசனத்தின் 57ஆம் பிரிவு தடுக்கிறது. அரசைக் கண்காணிப்பவரும் அரசில் இருப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பது எண்ணம். அதனால் கூட்டணிப் பேச்சு முடிந்து அமைச்சரவை பதவியேற்றதும் எம்.பி.யாக இருந்த அமைச்சர்கள் இருக்கையைக் காலி செய்வார்கள். இடைத்தேர்தல் கிடையாது. அதே பட்டியலில் ஏறாமல் நிற்கும் அடுத்த பெயருக்கு அழைப்பு போகும். ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் நகர்வது போலவே.

2003 மே இறுதியில் அமைச்சரவை அமைந்தது. ஜூன் தொடக்கத்தில் ஓம்ட்சிக்ட் உள்ளே வந்தார். 2010இலும் இதே கதை. ஜூன் தேர்தலில் சி.டி.ஏ. 41 இருக்கையிலிருந்து 21க்கு விழுந்தது. ஓம்ட்சிக்ட் வெளியே. அக்டோபரில் புதிய அமைச்சரவை அமைந்து சி.டி.ஏ.காரர்கள் அமைச்சர்களானபோது மறுபடி உள்ளே. கூட்டணிப் பேச்சு மாதக் கணக்கில் இழுக்கும் நாடு அது. பட்டியலில் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்பவர்கள் அத்தனை மாதமும் வேறு வேலைக்குப் போவதா காத்திருப்பதா என்று தவிப்பார்கள்.

உடல்நலக் குறைவுக்கும் மகப்பேற்றுக்கும் தனி ஏற்பாடு உண்டு. 16 வாரம் விடுப்பு, அதுவரை பட்டியலில் அடுத்தவர் தற்காலிக எம்.பி. அந்தக் கெடு முடிந்ததும் தற்காலிகர் தானாகவே இறங்கிவிட வேண்டும்.

உள்ளே போனபின் என்ன வேலை

வாரத்தின் நடு மூன்று நாட்கள், செவ்வாய் முதல் வியாழன் வரை, அவை கூடும். செவ்வாய் மதியம் 2 மணிக்குக் கேள்வி நேரம், அதையடுத்து வாக்கெடுப்புகள். தீர்மானம் ஒன்றை அவை முன் வைக்க, கொண்டுவருபவரோடு சேர்த்து ஐந்து எம்.பி.க்களின் ஆதரவு வேண்டும். பெரும்பாலான வாக்கெடுப்பு கைதூக்கித்தான். கட்சிக் குழுவின் பெயரைச் சொல்லி எண்ணுவார்கள். குழுவில் பாதிப்பேர் அவையில் இல்லாவிட்டாலும் முழுக் குழுவும் ஒரே பக்கம் என்று கணக்கு. பெயர் கூப்பிட்டு ஒவ்வொருவராக வாக்களிக்கச் சொல்லி எந்த எம்.பி.யும் கேட்கலாம், அப்போதுதான் தலை எண்ணிக்கை. இந்தக் குழுவுக்கு டச்சில் ஃப்ராக்சி என்று பெயர். ஒரே பட்டியலில் வென்றவர்கள் சேர்ந்து இயங்கும் அணி அது.

ஆனால் ஒரு சாதாரண எம்.பி.யின் கையில் உள்ள கூர்மையான கருவி தீர்மானம் அல்ல, எழுத்துக் கேள்வி. அமைச்சருக்கு எழுதி அனுப்பினால் மூன்று வாரத்துக்குள் பதில் வர வேண்டும். முடியாவிட்டால் ஏன் தாமதம் என்று சொல்லி அமைச்சர் அவகாசம் கேட்பார். இதற்குப் பின்னால் நிற்பது சாசனத்தின் 68ஆம் பிரிவு. எம்.பி. கேட்கும் தகவலை அமைச்சர் கொடுத்தாக வேண்டும், நாட்டின் நலனுக்கு ஊறு என்றால் மட்டும் மறுக்கலாம். அந்தப் பிரிவில் "எம்.பி. ஒருவர் கேட்டால்" என்றுதான் இருக்கிறது, "அவையின் பெரும்பான்மை கேட்டால்" என்று இல்லை. இந்த ஒரு சொல்தான் ஆளுங்கட்சிக்குள்ளேயே இருந்த ஓம்ட்சிக்ட்டுக்கு ஆயுதமானது.

குழந்தைக் காப்பக மானிய விவகாரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நெதர்லாந்தில் வேலைக்குப் போகும் பெற்றோர் பிள்ளையைக் காப்பகத்தில் விட்டால் செலவின் பெரும்பகுதியை வரித்துறை முன்கூட்டியே அவர்கள் கணக்கில் போடும். ஒரு சிறு பங்கைப் பெற்றோர் தாங்களே கட்ட வேண்டும். ஆண்டு முடிவில் கணக்குப் பார்ப்பார்கள். அந்தச் சிறு பங்கைக் கட்டியதற்கு ரசீது இல்லை, அல்லது சில நூறு யூரோ குறைகிறது என்றால், குறைந்த தொகையை மட்டும் கேட்டால் நியாயம். வரித்துறை கேட்டதோ முழு ஆண்டு மானியத்தையும் திருப்பித் தரச் சொல்லி. பல பிள்ளைகள், பல ஆண்டுகள் என்று கூடும்போது ஒரு குடும்பத்தின் தலையில் பல்லாயிரம் யூரோ கடன். நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றமும் 2019 அக்டோபர் வரை இந்தக் கடுமையை ஆமோதித்தது. மேலும், மோசடிச் சந்தேகப் பட்டியலுக்கு ஆள் தேடும்போது இரட்டைக் குடியுரிமையும் ஒரு அடையாளமாகப் பார்க்கப்பட்டது.

2017இல் தேசிய குறைதீர் அதிகாரி 232 குடும்பங்களைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். விஷயம் அத்தோடு அமுங்கியிருக்கும். சோஷலிஸ்ட் கட்சியின் ரென்ஸ்கே லெய்டனும் சி.டி.ஏ.வின் ஓம்ட்சிக்ட்டும் விடவில்லை. ட்ரௌ நாளிதழும் ஆர்.டி.எல். தொலைக்காட்சியும் வெளியே தோண்ட, இவர்கள் உள்ளே கேள்வி மேல் கேள்வியாக அனுப்பினார்கள். அவர்கள் செய்ததில் மாயம் ஒன்றுமில்லை. ஒரு கேள்வியை "இது நடந்ததா" என்று விடாமல், எந்தத் தேதியில், யார், எந்த ஆவணத்தின்பேரில் என்று எண்ணிட்டுப் பிரிப்பார்கள். பதில் மழுப்பலாக வந்தால், "கேள்வி 7க்குப் பதில் இல்லை, மீண்டும் கேட்கிறேன்" என்று அடுத்த கடிதம். பழைய பதிலும் புதிய பதிலும் முரண்பட்டால் அந்த முரணே அடுத்த கேள்வி.

2019 கடைசியில் பெற்றோர்கள் தங்கள் கோப்புகளைக் கேட்டு வாங்கியபோது பக்கம் பக்கமாகக் கறுப்பு மை பூசி வந்தது. தன்னைப் பற்றிய கோப்பில் தன் பெயரைத் தவிர எல்லாம் கறுப்பு என்ற நிலை. அந்தக் கறுப்புத் தாள்கள் கேமரா முன்னால் வந்தபின் அதிகாரிகளால் பழைய மொழியில் பேச முடியவில்லை. டிசம்பரில் பொறுப்பு இணையமைச்சர் மென்னோ ஸ்னெல் பதவி விலகினார். 2017லேயே வரித்துறையின் சட்ட அதிகாரி சாண்ட்ரா பால்மென், இப்படிப் பணம் பிடுங்குவது தவறு, இழப்பீடு கொடுங்கள் என்று உள்ளுக்குள் எழுதிய குறிப்பு ஒன்று 2020இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அவையின் விசாரணைக் குழு "இதற்குமுன் கண்டிராத அநீதி" என்ற பொருளில் தலைப்பிட்டு அறிக்கை தந்தது. 2021 ஜனவரி 15ஆம் தேதி பிரதமர் மார்க் ருட்டேயின் மூன்றாவது அமைச்சரவை மொத்தமாகப் பதவி விலகியது. அந்தக் கூட்டணியில் ஓம்ட்சிக்ட்டின் சொந்தக் கட்சியும் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

(பின்னொட்டு ஒன்று: அந்தச் சாண்ட்ரா பால்மெனே 2024 டிசம்பரில், ஓம்ட்சிக்ட் தொடங்கிய புதுக்கட்சியின் சார்பில், பாதிக்கப்பட்ட பெற்றோருக்கான இழப்பீட்டைக் கவனிக்கும் இணையமைச்சரானார்.)

சுருக்கமாக, எம்.பி.யின் பலம் கேட்கும் உரிமையில் இருக்கிறது. அந்த உரிமை ஆளுக்கு உரியது, கட்சிக்கு அல்ல.

கட்சியை விட்டால்

2021 மார்ச் தேர்தலில் ஓம்ட்சிக்ட் பட்டியலில் இரண்டாவது இடம். அவருக்கு விழுந்தது 3,42,472 ஓட்டு. கட்சியின் மொத்த ஓட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஈவால் வகுத்தால் 4.93. ஏறத்தாழ ஐந்து இருக்கைக்கான ஓட்டு ஒரே பெயருக்கு. ஆனால் அவருக்குக் கிடைப்பது ஓர் இருக்கைதான், மீதி கட்சிக் கணக்கில் சேர்ந்து மற்றவர்களை ஏற்றிவிடும்.

தேர்தல் முடிந்த சில நாளில், மார்ச் 25, கூட்டணிப் பேச்சை ஒருங்கிணைத்த காய்சா ஒல்லொங்ரென், கோவிட் உறுதியானதாகச் செய்தி கிடைத்து அவசரமாக வெளியே வந்தார். கக்கத்தில் கோப்பு, மேல் தாள் வெளியே தெரிய. செய்தி நிறுவனப் புகைப்படக்காரரின் கேமராவில் அந்தத் தாளின் எழுத்துகள் பதிந்துவிட்டன. அதில் ஒரு வரி: "ஓம்ட்சிக்ட் நிலை, வேறிடத்தில் பணி". மக்கள் இவ்வளவு ஓட்டுப் போட்ட எம்.பி.யை வேறெங்காவது அனுப்பிவிடப் பேசுகிறார்களா என்று நாடே கொதித்தது. தாம் அவரைப் பற்றிப் பேசவில்லை என்று ருட்டே முதலில் சொன்னார், பேசியிருந்தது பிறகு குறிப்புகளில் தெரிந்தது. ஏப்ரல் முதல் தேதி தொடங்கி விடியும்வரை நீண்ட விவாதத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் 72க்கு 77 என்று தோற்றது, கண்டனத் தீர்மானம் நிறைவேறியது.

ஜூனில், கட்சிக்குள் தனக்கு நேர்ந்ததை ஓம்ட்சிக்ட் 76 பக்கத்தில் எழுதிக் கொடுத்த உள்குறிப்பு கசிந்தது. அவர் சி.டி.ஏ.விலிருந்து விலகினார். இருக்கையை விடவில்லை. சி.டி.ஏ. 15இலிருந்து 14 ஆனது.

இது எப்படிச் சாத்தியம்? சாசனத்தின் 67ஆம் பிரிவில் ஐந்தே சொல்லாக ஒரு விதி இருக்கிறது: உறுப்பினர்கள் எவர் கட்டளைக்கும் உட்படாமல் வாக்களிப்பார்கள் என்பது அதன் பொருள். வேர் பழையது. 16 முதல் 18ஆம் நூற்றாண்டு வரையிலான டச்சுக் குடியரசில் ஏழு மாகாணங்களின் பிரதிநிதிகள் ஹேக்கில் கூடுவார்கள். முக்கியமான எதிலும் தாமாக முடிவெடுக்கக் கூடாது, ஊருக்குத் திரும்பிப்போய்க் கேட்டுவர வேண்டும். ஒரு முடிவுக்கு வாரக் கணக்கில் நடக்க வேண்டியிருக்கும். 19ஆம் நூற்றாண்டின் சாசனம் இதை வெட்டியது. அனுப்பியவரிடம் திரும்பக் கேட்க வேண்டாம், அவர் கட்டளையிடவும் முடியாது. அன்று மாகாணத்தைத் தடுக்க எழுதிய விதி இன்று கட்சியைத் தடுக்கிறது.

ரயில் உவமையில் சொன்னால், டிக்கெட்டை வாங்கியது முகவர், ஆனால் டிக்கெட்டில் உள்ளது பயணியின் பெயர். வண்டி கிளம்பியபின் முகவரோடு சண்டை என்றால் முகவர் வந்து இறக்கிவிட முடியாது.

கட்சிக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் கடுமையானது: ஸேட்டல்ரோஃப், அதாவது இருக்கைத் திருட்டு. "எங்கள் பெயரில் வாங்கிய ஓட்டோடு ஓடிவிட்டார்" என்பது வாதம். பட்டியலின் அடியில் நூற்றுக்கணக்கில் ஓட்டு வாங்கி, கட்சியின் தயவில் வந்தவர் இப்படிச் செய்தால் அந்த வாதத்தில் பலம் இருக்கிறது. 3,42,472 பேர் தேடிப்போய்ப் பெயர் நிரப்பியவரிடம் அது எடுபடாது. சட்டமோ இருவரையும் ஒன்றாகவே பார்க்கும், எத்தனை விருப்பு வாக்கு என்று கேட்காது. 2004இல் வி.வி.டி. கட்சியிலிருந்து விலகிய கேர்ட் வில்டர்ஸ் இதே விதியின் நிழலில்தான் தனி எம்.பி.யாக உட்கார்ந்து, பிறகு சொந்தக் கட்சி தொடங்கினார்.

முழுக்க இலவசமும் அல்ல. 2017இல் அவை தன் நடைமுறை விதிகளைத் திருத்தியது. பிரிந்துபோனவர் இனி ஃப்ராக்சி அல்ல, தன் பெயராலேயே அழைக்கப்படும் தனி உறுப்பினர். அவையின் பதிவில் அவர் "உறுப்பினர் ஓம்ட்சிக்ட்" ஆனார். பேச்சு நேரம் குறைவு, உதவியாளர் வைக்கும் பணம் குறைவு, ஆனால் எல்லாத் துறைக்கும் ஒரே ஆள். எழுத்துக் கேள்வி கேட்கும் உரிமையில் மட்டும் நூலளவும் குறையாது.

இறங்கினால் யார் ஏறுவது

அதிகம் பேர் தவறவிடும் இடம் இதுதான். இருக்கை ஆளுக்குச் சொந்தம் என்றேன். உட்கார்ந்திருக்கும்வரைதான். எழுந்து போய்விட்டால், அது அவர் எந்தப் பட்டியலில் வந்தாரோ அந்தப் பட்டியலுக்குத் திரும்பும். 2022இல் ஓம்ட்சிக்ட் ராஜினாமா செய்திருந்தால் அந்த இடம் சி.டி.ஏ. பட்டியலின் அடுத்த பெயருக்குப் போயிருக்கும், அவருடைய ஆதரவாளர் எவருக்கும் அல்ல. பிரிந்துபோன எம்.பி.க்கள் கசப்பிருந்தும் பதவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பதைப் பேராசை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பாதி சமயம் காரணம் இந்த விதிதான்.

அடுத்த தேர்தலுக்கு இருக்கையைக் கொண்டுபோகவும் முடியாது, புதிதாகப் பட்டியல் வேண்டும். 2023 ஆகஸ்டில் ஓம்ட்சிக்ட் "புதிய சமூக ஒப்பந்தம்" என்று பொருள்படும் பெயரில் என்.எஸ்.சி. கட்சியைத் தொடங்கினார். கடந்த தேர்தலில் இடம் வெல்லாத கட்சி 11,250 யூரோ வைப்புத்தொகை கட்ட வேண்டும், ஈவில் முக்கால் பங்கு ஓட்டு வாங்கினால் திரும்பக் கிடைக்கும். போதாததற்கு ஆதரவுக் கையெழுத்து: 19 வட்டாரங்களில் தலா 30, கரீபியத் தீவான போனேரில் 10, மொத்தம் 580. வாக்காளர் நகராட்சி அலுவலகத்துக்கு நேரில் போய் அலுவலர் முன்னால் கையெழுத்திட வேண்டும். ஏதேனும் ஒரு வட்டாரத்தில் 29தான் சேர்ந்தது என்றால் அங்கே உள்ள வாக்காளர்களின் சீட்டில் கட்சி இருக்காது. புதுக்கட்சிகள் பல இங்கேயே தடுக்கி விழும்.

என்.எஸ்.சி. தடுக்கி விழவில்லை. நவம்பர் தேர்தலில் 13,43,287 ஓட்டு, 20 இருக்கை. அடுத்த ஆண்டு நான்கு கட்சிக் கூட்டணி அரசில் சேர்ந்தது. ஓம்ட்சிக்ட் அமைச்சராகவில்லை, அவையில் கட்சியை வழிநடத்தினார். உடல்நலம் ஒத்துழைக்கவில்லை. 2025 ஏப்ரல் 18ஆம் தேதி அரசியலை விட்டு விலகுவதாக அறிவித்தார். இப்போது அவர் வந்தது என்.எஸ்.சி. பட்டியலில் என்பதால் காலியான இடமும் அந்தப் பட்டியலின் அடுத்தவருக்கே.

பதவி விட்டவருக்கு அரசு ஒரு காலத்துக்கு மாற்றுத் தொகை தரும். வாக்ட்கெல்ட், காத்திருப்புப் பணம். முதல் ஆண்டு சம்பளத்தில் 80 சதவீதம், பிறகு 70. அதிகபட்சம் 3 ஆண்டு 2 மாதம், அதுவும் வேலை தேடிக்கொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. வேறு வருமானம் வந்தால் கழித்துக்கொள்வார்கள்.

2025 அக்டோபர் 29ஆம் தேதி மறுபடி தேர்தல். ஓம்ட்சிக்ட் இல்லாத என்.எஸ்.சி. ஓர் ஈவைக்கூட எட்டவில்லை. இருக்கை பூஜ்யம் என்றானதும், அந்தப் பட்டியலில் யார் பெயருக்கு எத்தனை விருப்பு வாக்கு விழுந்தது என்று பார்க்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று.